பூசணிக்காயைத் தூக்கினால்தான் பாஸ்

போன வாரம் படகு கிளப்பின் புது மேனேஜர் போன் செய்தார். ஓய்வு பெற்ற பிறகு அங்கிருந்து எனக்கு வரும் போன் எல்லாம் ஏதாவது இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்காகத்தான் இருக்கும். இது வேறு. படகு வாங்குவதற்கு முன்னால் ஓட்டிப் பழக வருகிறவர், பக்கத்து சீட்டில் உட்காரப் போகிறவரையும் கூட்டி வர வேண்டும், அவரும் ஓட்டித் தேற வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதே, அது எதற்கு, யார் போட்டது, எடுத்துவிடலாமா என்று கேட்டார். ஆள் வரத்து குறைகிறதாம். புருஷன் ஆசையாக வருகிறான், பெண்டாட்டிக்கு நேரமில்லை, கடைசியில் இரண்டு பேரும் வேறு இடம் பார்த்துப் போய்விடுகிறார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை, பேசத்தான் தெம்பில்லை. எழுதிவிட்டால் ஒரே தடவையில் முடிந்துவிடும் என்று இதை எழுதுகிறேன்.

நான் ஜோகுபாளையத்துக்காரன், பெயர் ஏழுமலை. பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு பட்டறையில் பம்ப்செட் இன்ஜின் கழற்றிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து படகு இன்ஜின், அங்கிருந்து இந்த கிளப். கிளப் இருப்பது நகரத்துக்கு வெளியே ஒரு நீர்த்தேக்கத்தில். மெக்கானிக்காகத்தான் சேர்ந்தேன். ஒருநாள் சொல்லிக்கொடுப்பவர் வரவில்லை, நீ போய்ப் பார் என்றார்கள். போனவன் போனவன்தான், ஓய்வு பெறும்வரை அந்த சீட்டிலிருந்து இறங்கவில்லை. என் படிப்பும் பயிற்சியும் இவ்வளவுதான்.

வருகிறவர்கள் பெரும்பாலும் ஒயிட்ஃபீல்டு பக்கத்து ஐ.டி. ஆட்கள். நல்லவர்கள். கேள்வி கேட்பார்கள், பதிலையும் காது கொடுத்துக் கேட்பார்கள். ஆனால் எல்லோரும் கார் ஓட்டத் தெரிந்தவர்கள், அங்கேதான் என் இடுப்பு ஒடிந்தது. படகில் பிரேக் கிடையாது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்துவிட்டது. தூக்கத்தில்கூடச் சொல்கிறேன் என்கிறார்கள் வீட்டில். சரி சரி என்று தலையாட்டுவார்கள். கரை கிட்டே வரும், வலது கால் தானாகப் போய்த் தரையை ஓங்கி மிதிக்கும், படகு அது பாட்டுக்குப் போய் முட்டும். அதிலும் சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் பழகிய கை இருக்கிறதே, முன்னால் ஓர் இடைவெளி தெரிந்தால் மூக்கை நுழைக்காமல் அதற்கு ஆறாது. தண்ணீரிலோ எங்கே பார்த்தாலும் இடைவெளிதான். எதில் நுழைவது என்று தெரியாமல் நடு ஏரியில் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கெல்லாம் மேலே தேவய்யா சார். குடகுக்காரர். ராணுவத்தில் ஆற்றுக்குப் பாலம் போடும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ்ச் சிப்பாய்களோடு இருந்து பிடித்த தமிழ் பேசுவார். அதில் கன்னடம் பாதி கலந்திருக்கும், வசவு மட்டும் சுத்தத் தமிழாக இருக்கும். ஆனால் மாணவர்களிடம் குரலை உயர்த்தியதில்லை. படகு நிறுத்தும் மேடையின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வெயிலோ மழையோ ஒரு கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தண்ணீரில் யாராவது தப்புச் செய்தால் குடையை மடக்குவார். இன்றைக்கு இவ்வளவு போதும், திரும்பி வா என்று அதற்கு அர்த்தம். கூட்டி வருவது என் வேலை.

முதல் நாள் யாருக்கும் சாவி கிடையாது. கட்டிப் போட்ட படகில் உட்கார்ந்து கயிறு கட்டிப் பழக வேண்டும், அவிழ்த்துப் பழக வேண்டும். அப்புறம் சின்னப் படகு, பெரிய படகு, காற்றடிக்கும் நாள், தூறல் நாள், ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு, ஆளே இல்லாமல். ஒரு நாள் முழுக்க படகு கழுவி, ப்ரொப்பெல்லரில் சுற்றிய பாசியைப் பிடுங்க வேண்டும். இதெல்லாம் எதற்கு, படகை வாங்கிவிட்டு அதிலேயே பழகிக்கொள்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். "அவமானத்த எல்லாம் நம்ம படகுலயே பட்டு முடிச்சிடுங்க. சொந்தப் படகுல பட்டா ஜாஸ்தி வலிக்கும்" என்பார் தேவய்யா சார்.

ஓட்டுகிறவர் ஒரு சிவப்புச் சுருள் கயிற்றைத் தொடையில் மாட்டிக்கொள்ள வேண்டும். மறுமுனை இன்ஜின் சுவிட்சில் இருக்கும். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வரும், இன்ஜின் நின்றுவிடும், ப்ரொப்பெல்லர் அவரை வெட்டாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கயிறும் விழுந்தவரோடு போய்விடும். படகில் மிஞ்சி இருப்பவர் பெட்டியைத் திறந்து இரண்டாவது கயிற்றை எடுத்து சுவிட்சில் மாட்டினால்தான் இன்ஜின் மறுபடி உயிர் பெறும். அதற்குள் காற்று படகை எங்கோ தள்ளிக்கொண்டு போயிருக்கும். இங்கேதான் தேவய்யா சார் போட்ட பக்கத்து சீட்டு விதி வருகிறது. ஓட்டுகிறவர் விழுந்தால் திரும்பிப் போய் அவரை எடுக்கப் போவது யார்? அந்த ஆள் தேறினால் இரண்டு பேரும் பாஸ், தேறாவிட்டால் இரண்டு பேரும் பெயில். பெயிலானால் கிளப்பில் படகு நிறுத்த இடம் கிடையாது. இடமில்லாமல் படகை வாங்கி மொட்டை மாடியிலா வைப்பது?

பரீட்சையில், விழுந்த ஆளுக்குப் பதிலாகத் தண்ணீரில் போட்டு எடுக்கச் சொல்வது ஒரு சாம்பல் பூசணிக்காய். முதலில் பிளாஸ்டிக் கேன் போட்டுப் பார்த்தோம், காற்று அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. பூசணிக்காய் மனிதத் தலை மாதிரி முக்கால்வாசி முங்கி, போட்ட இடத்தை விட்டு அவ்வளவாக நகராமல் கிடக்கும். கனக்கும், வழுக்கும். வெயிலில் கண்ணுக்குத் தெரியவில்லை என்று, குங்குமத்தை எண்ணெயில் குழைத்து அதன் உச்சியில் பூசச் சொன்னார் தேவய்யா சார். வந்தது வினை. குங்குமம் பூசிய பூசணிக்காய் என்றால் நமக்குத் திருஷ்டி கழித்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் ரோட்டில் உடைந்து கிடப்பதை மிதித்துவிடாமல் சுற்றிப் போகிறவர்கள் நாம், கன்னடக்காரர்களும் அப்படியே. படகை அழகாகக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்திவிட்டு, கையை நீட்ட மாட்டார்கள். பெயிண்ட் அடித்துவிடலாமே சார் என்று கேட்டேன். தண்ணீரில் விழுந்தவன் ரத்தத்தோடு கிடப்பான், வாந்தியோடு கிடப்பான், அப்போதும் தொடத்தானே வேண்டும் என்றார். குங்குமமே நிலைத்தது.

பாஸ்கரும் அவர் மனைவி கோமதியும் வந்தது என் கடைசி வருடத்தில். பாஸ்கர் ஏதோ ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர், ஐம்பதை ஒட்டிய வயது. கோமதி மேடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு பேருக்கும் விருதுநகர் பக்கம். தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடி வளர்ந்தவன் சார் நான், இவ்வளவு தண்ணீருக்கு மேலே உட்கார்ந்து போவது எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை என்று பாஸ்கர் முதல் நாளே சொன்னார். அலட்டல் கிடையாது. படகு கழுவும் நாளில் இன்னும் அழுக்கு இருக்கிறதா என்று தேடிக் கழுவினார். அப்படி ஆசைப்பட்டுப் பழகியவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

இரண்டாவது ஞாயிறு, அவர் லைஃப் ஜாக்கெட் எடுக்கப் போனபோது கோமதி மேடம் என்னிடம் விஷயத்தைச் சொன்னார். பாஸ்கருக்கு சர்க்கரை, ஊசி போட்டுக்கொள்கிறார். ஏறுவதில் பிரச்சினை இல்லை, திடீர் திடீரென்று இறங்குகிறது. முன்பெல்லாம் கை நடுங்கும், வியர்க்கும், சுதாரித்துக்கொள்வார். இப்போது அவருக்கே தெரியாமல் இறங்கிவிடுகிறது. பேசிக்கொண்டே இருப்பவர் சம்பந்தமில்லாமல் உளற ஆரம்பிப்பார். கேட்டால் எனக்கு முன்னாடியே தெரிந்துவிடும் என்று சாதிக்கிறார்.

நான் நேராகப் போய் தேவய்யா சாரிடம் சொன்னேன். அவர் பாஸ்கரைக் கூப்பிட்டு விசாரித்தார். பாஸ்கர் டாக்டர் சீட்டைக் காட்டி, கவனமாகத்தான் இருக்கிறேன் சார் என்றார். தேவய்யா சார் என்னிடம் வந்து, "நாம டாக்டர் இல்ல ஏழுமலை. ஆளு விழுவான்னு வெச்சுக்கோ. அந்த அம்மா எடுத்துட்டா ரெண்டு பேரும் பாஸ். எடுக்கலைன்னா ரெண்டு பேரும் வீட்டுக்கு" என்றார். புருஷனின் ஆசை முழுக்க அப்படியே பெண்டாட்டி கைக்குப் போனது. கோமதி மேடம் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

அடுத்த ஞாயிறு மேடத்துக்கு முதல் பரீட்சை. காற்றை எதிர்த்து மெதுவாக வந்தார். பூசணிக்காய் தன் பக்கம் வரும்படி நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். எட்டினால் தொடலாம். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். திருஷ்டி பூசணிக்காயை நான் தொட மாட்டேன் அண்ணா என்றார். பாஸ்கர் சிரித்தார், கெஞ்சினார், நான் வேண்டுமானால் ஊருக்கே சுற்றிப் போடுகிறேன், தூக்கு என்றார். மேடை நுனியில் குடை மடங்கியது.

அதற்கடுத்த வாரம் பூசணிக்காய் வழுக்கியது. அதற்கடுத்த வாரம் இரண்டு முழம் தள்ளி நிறுத்தினார். அப்புறமும் இரண்டு முழம். அப்புறமும் அதே. எனக்கு அலுப்பாக இருந்தாலும் கண் அவிந்து போகவில்லையே. ஓட்டத் தெரியாதவர்கள் ஒரு தடவை ஏற்றி நசுக்குவார்கள், ஒரு தடவை எட்டாத தூரத்தில் நிறுத்துவார்கள், பதறுவார்கள். மேடம் பதறவே இல்லை. தவறுவதிலும் ஒரு கணக்கு இருந்தது. ஒருநாள் தனியாகக் கேட்டுவிட்டேன், உங்களுக்கு நன்றாக வருகிறதே மேடம் என்று.

"வருதுண்ணா, தெரியும்," என்றார். "நான் பாஸானா அவரு வாங்கிருவாரு. வாங்கிட்டா ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம நான் உசுர கையில பிடிச்சுக்கிட்டு உக்காரணும். வீட்ல சண்ட போட்டு வேண்டாம்னு சொன்னா அவரு மனசு விட்டுப் போயிரும். எனக்கு வரலைன்னா எம்மேல வருத்தப்பட்டுட்டு விட்டுருவாரு. நீங்க கண்டுக்காதீங்க."

எனக்கு அந்தப் பெண்மணி மேல் கோபம் வரவில்லை. பாஸ்கரைப் பார்த்தால்தான் பாவமாக இருந்தது. வாரா வாரம் மனைவிக்கு ஃபிளாஸ்கில் டீ கொண்டு வருவார், காற்று எந்தப் பக்கம் என்று கைக்குட்டையைத் தூக்கிக் காட்டுவார், பரவாயில்லை கோமு, அடுத்த வாரம் என்பார். தேவய்யா சாரிடம் சொல்லலாமா என்று போய் நின்றேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, வராது என்கிறவர்களுக்கு பாஸ் போட நமக்கு அதிகாரமில்லை, போய் வேலையைப் பார் என்றார். நாற்காலியை விட்டு எழாத மனிதருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

ஆடிக் காற்று அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் இரண்டு பேரும் ஒரு படகில், நான் காவலுக்கு இன்னொரு படகில் பின்னால். அந்தக் கட்டத்தில் அப்படித்தான் விடுவோம். ஓட்டியது பாஸ்கர். நேராகப் போய்க்கொண்டிருந்த படகு மெல்ல வளைய ஆரம்பித்தது, பிறகு இன்னொரு பக்கம் வளைந்தது. மேடம் குனிந்து அவரிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. காலையில் ஊசி போட்டுக்கொண்டு, டிராஃபிக்குக்குப் பயந்து சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறார் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரியும். ஸ்டியரிங்கைக் கொடுங்கள் என்று மேடம் கேட்டிருக்கிறார். இவர் கொடுப்பதற்காக, ஓடும் படகில் எழுந்து நின்றார். வளைந்து வளைந்து போனதில் அவர்கள் எழுப்பிய அலையே திரும்பி வந்து படகின் விலாவில் அடித்தது. ஆள் தண்ணீரில் இருந்தார். சிவப்புக் கயிறும் அவரோடு போனது, இன்ஜின் நின்றது.

லைஃப் ஜாக்கெட் அவரைத் தாங்கியது. ஆனால் அவர் கையை ஆட்டவில்லை, கத்தவில்லை. அலை முகத்தில் அடிக்க அடிக்கத் தலையைக்கூடத் திருப்பாமல் கிடந்தார். வேகம் கூட்டும் லீவரைத் தள்ளினேன்.

பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டேன், அந்தப் படகின் இன்ஜின் சத்தம் கேட்டது. மேடம் இரண்டாவது கயிற்றை மாட்டிவிட்டார். அவர்தான் எனக்கு முன்னால், பாஸ்கருக்குக் கிட்டே. விழுந்த ஒருவரை நோக்கி இரண்டு படகுகள் பாயக் கூடாது, நடுவில் கிடப்பவர் நசுங்குவார். வேகம் அற்றுப்போக லீவரை நடுவுக்கு இழுத்துவிட்டு நின்றேன். அத்தனை வருடத் தொழிலில் அப்படிச் சும்மா நின்றதுதான் நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம்.

எல்லோரும் செய்வது போல மேடம் அவரை நோக்கி நேராகத் திருப்பவில்லை. முதலில் விலகிப் போனார். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். புருஷன் முங்கிக்கொண்டிருக்கும்போது படகை அவருக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோக மனசு வராது. சுற்றி வந்து, காற்றுக்கு முகம் கொடுத்து, நடக்கிற வேகத்தில் வந்தார். பாஸ்கர் தன் பக்கம் வரும்படி பார்த்துக்கொண்டார். லீவர் நடுவுக்கு வந்தது. இன்ஜின் அணைந்தது. அதற்குப் பிறகுதான் கை நீண்டது. ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்தவர், நான் பின்பக்கமாக வந்து சேரும்வரை விடவில்லை. இரண்டு பேருமாக அவரை உள்ளே இழுத்துப் போட்டோம். கண் திறந்திருந்தது, முழுங்கத் தெரிந்தது. மேடம் கைப்பையிலிருந்து குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்.

மேடையில் தேவய்யா சார் எழுந்து நின்றுகொண்டிருந்தார். குடை தண்ணீரில் மிதந்தது. அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

போர்வையைப் போர்த்தி உட்கார வைத்தோம். ஒரு பிஸ்கட் பாக்கெட் காலியாகும் நேரத்தில் பாஸ்கருக்கு முகம் தெளிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றோம், போகலாம் என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு நல்லா ஓட்டத் தெரியுது," என்றார்.

மேடம் காலி பிஸ்கட் பாக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"இத்தன வாரமும் வேணும்னேதான் விட்டியா?"

"ஆமாங்க. பூசணிக்காய விட்டேன். உங்கள விட முடியல."

அவர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். செத்துப் பிழைத்ததைவிட அதுதான் அவரை அதிகமாகச் சுட்டது என்று நினைக்கிறேன். நான் இன்ஜினைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டேன். கிளம்பும்போது தேவய்யா சார் மேடத்திடம், "ஆள தூக்கினதுக்கு மார்க் கிடையாதும்மா. நம்ம விதியில பூசணிக்காய்தான் இருக்கு. அது பாக்கி" என்றார். அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று அன்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திரும்பி வருவதா வேண்டாமா என்பதை அவர் மேடத்தின் கையிலேயே விட்டுக் கொடுத்தார்.

பல வாரம் அவர்கள் வரவில்லை. இனி வர மாட்டார்கள் என்றுதான் நானும் இருந்தேன். இந்த இடத்தில் மேனேஜருக்கு என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். விதியை எடுப்பதும் வைப்பதும் உங்கள் இஷ்டம், எனக்கு இப்போது முழங்கால் வலியே பெரிதாக இருக்கிறது. எடுப்பதென்றால், விழுந்தவரை எடுக்க யார் போவார் என்பதற்கு மட்டும் ஒரு ஏற்பாடு செய்துவிட்டு எடுங்கள். அவர்கள் படகு வாங்கினார்களா என்று கேட்பீர்கள். இல்லை. மாதம் ஒருமுறை கிளப் படகைத்தான் எடுத்துப் போகிறார்கள். பாஸ்கர் வாங்கும் பேச்சையே எடுப்பதில்லை. எந்த இன்ஜின் நல்லது, பழைய படகில் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவ்வப்போது எனக்கு போன் செய்வது கோமதி மேடம்தான்.

அவர்கள் திரும்பி வந்தது காற்று ஓய்ந்த பிறகு ஒரு காலையில். பாஸ்கரின் கையில், சர்க்கரை இறங்கினால் சத்தம் போடும் ஒரு வில்லை ஒட்டியிருந்தது. அவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, சாப்பிட்டு முடிக்கும்வரை மேடம் காரின் கதவைத் திறக்க விடவில்லை. படகில் ஏறியதும் பாஸ்கர் தானாகப் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். மேடம் சிவப்புக் கயிற்றை எடுத்துத் தன் தொடையில் மாட்டிக்கொண்டார். நான் பூசணிக்காயைப் போட்டேன். சுற்றி வந்து, காற்றைப் பார்த்து, நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். குனிந்து இரண்டு கையாலும் அதைத் தூக்கினார். சொட்டச் சொட்ட, குங்குமம் வழிய, அதைக் கொண்டுபோய்க் கணவரின் மடியில் வைத்தார். மேடையில் புதுக் குடை விரிந்தபடியே இருந்தது. பாஸ்கர் சட்டையெல்லாம் சிவப்பாக, கரை வரும்வரை அந்தப் பூசணிக்காயைக் கட்டிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.